ஒரு கிலோ படிக்கல்

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூட வாசலில் அன்று பை சோதிக்கும் முறை இமெல்டாவுடையது. நகரில் குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய பிறகு, தாய் தகப்பன்மார் முறைவைத்து வந்து பைகளைத் துழாவித்தான் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். இமெல்டாவின் விரல்கள் கத்தரிக்காய்க்காரனையே கலங்க வைப்பவை. அமுக்கி, உருட்டி, குலுக்கிப் பாராமல் எதையும் விடமாட்டாள்.

சங்கிலி என்ற பையன் பையை அணைத்தபடி வரிசையில் நின்றான். கணக்குக் கொப்பிக்குக் கீழே, ஒரு பழைய சொக்ஸுக்குள், ஒரு கிலோ படிக்கல் கிடந்தது. புறக்கோட்டையில் அப்பா செல்லையா மூட்டை சுமக்கும் அரிசிக்கடைத் தராசுக் கல். இமெல்டாவின் மகன் றேமண்டுக்காக எடுத்து வந்திருந்தான்.

போன வியாழக்கிழமை சந்திச் சோதனைச்சாவடியில் றேமண்ட் தன் வழுவழுப்பான சிங்களத்தில், "அய்யே, இவன்ர பையை வடிவாப் பாருங்கோ, ஆள் சரியில்லை" என்று ஆமிக்காரனிடம் சொன்னான். பகிடியாம். சங்கிலி பிடரியில் கைகோத்து ஒரு மணித்தியாலம் தாரில் முழந்தாளிட்டான். தோளில் சாக்குத்துணியோடு ஓடிவந்த அப்பா, கெஞ்சிப் பார்த்துவிட்டு மகனுக்குப் பக்கத்தில் தானும் முழந்தாளிட்டார். அன்றிலிருந்து றேமண்ட் சாக்குத்துணி மாதிரித் தோளில் துவாயைப் போட்டு, அப்பா முழந்தாளிட்டதை வகுப்பில் நடித்துக் காட்டுகிறான். நேற்று, தேயிலைத் தோட்டத்து ஆட்களை இளக்காரமாய்க் கூப்பிடும் சொல்லையும் சேர்த்துச் சொன்னான்: "நாளைக்குப் பின்னேரமும் சொல்லுவன்டா தோட்டக்காட்டான். உன்ர அப்பருக்கு இப்பவே ஆள் அனுப்பி வை."

அந்த வாயை மூட வேறென்ன வழி என்று சங்கிலிக்குத் தெரியவில்லை.

"அடுத்தது. அட, நீ எங்கட றேமண்டின்ர வகுப்பெல்லே?" இமெல்டாவின் கை உள்ளே போய் நின்றது. "இதென்ன மகன்?"

"படிக்கல்லுங்க ஆன்ட்டி. கடையோடது."

பிடுங்கி வைத்துக்கொள்ளட்டும் என்று அவன் மனதில் ஒரு பாதி கெஞ்சியது. இமெல்டா சொக்ஸைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"நல்ல பாரம். எங்கட கடைக்காரன்ர கல்லுக்கு இதில முக்கால்வாசி இராது, கள்ளன்!" சிரித்தாள். "றேமண்ட் உன்னையும் பகிடி பண்ணுறவனோ?"

சங்கிலி வாயைத் திறந்தான். பின்னால் நின்ற பையன் தள்ளினான்.

"வயர் இல்லை, பற்றரி இல்லை. போ மகன், மணி அடிக்கப்போகுது."

முதல் பாடத்துக்கு ஆசிரியர் இன்னும் வரவில்லை. றேமண்ட் கரும்பலகைக்கு முன்னால் துவாயோடு முழந்தாளில் நின்றான். "சேர், எம் மவன் நல்லவனுங்க சேர்..." வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "எழும்பி வாடா சங்கிலி, அப்பருக்குப் பக்கத்தில உன்ர இடம் சும்மா கிடக்கு!"

சங்கிலி வந்தான். சொக்ஸ் ஒருமுறைதான் சுழன்றது.

அலறல் சந்தி வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். இமெல்டா ஓடிவந்தபோது தரையில் இரண்டு பற்கள் கிடந்தன. றேமண்டின் தாடை ஒரு பக்கமாய்த் தொங்கியது. மகனை மடியில் சாய்த்தவளின் கண் மேசைக்கடியில் கிடந்த சொக்ஸில் பட்டது. காலையில் அவளே பாரம் பார்த்து உள்ளே விட்டது.

பூட்ஸ் சத்தம் கேட்டது. சாவடியிலிருந்து இரண்டு ஆமிக்காரர் துவக்கோடு வாசலில் நின்றார்கள். யார் அடித்தது என்று மூத்தவன் சிங்களத்தில் கேட்டான்.

சங்கிலி தானாகவே முழந்தாளிட்டான். பிடரியில் கைகளைக் கோத்தான். முழங்கைகளை அகட்டினான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். ஒன்றும் பிசகவில்லை.

ஆமிக்காரனே கொஞ்சம் தயங்கினான். இமெல்டா தரையில் கிடந்த துவாயைப் பார்த்தாள், பிறகு சங்கிலியை.

"ஆரடா உனக்கு இதைப் பழக்கினது?"

ஒவ்வொருவராக வகுப்பு முழுவதும் அவள் மடியைப் பார்த்தது. றேமண்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.