இராமலிங்கத்தின் மோதிர விரல்

இராமலிங்கத்தின் புஜத்தைப் பார்த்தாலே குணபூசணிக்கு எரிச்சல் வரும். அவர் பங்சாரில் பேங்க் அதிகாரி. தொண்ணூற்றாறில் பத்துமலையில் பாறை ஏறும் கூட்டத்தோடு வந்து சேர்ந்தவர், சில மாதத்திலேயே எல்லோருக்கும் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டார். வீட்டுக் கதவுக்கு மேல் மரச்சட்டம் அடித்து, விரல் நுனியில் தினமும் தொங்குவதாகப் பீற்றிக்கொள்வார்.

குணபூசணி பிரிக்பீல்ட்ஸில் பிசியோதெரபிஸ்ட். பல வருஷமாக ஏறுகிறவள். ஒருநாள் தொங்கினால் மறுநாள் விரலுக்கு ஓய்வு கொடுப்பாள்.

"ரெஸ்ட் எடுக்கறதுக்குப் பேரு டிரெய்னிங்காம் லா," என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார் அவர்.

"தசை சீக்கிரம் பலமாகிடும். அதை எலும்போட சேக்குற டெண்டனுக்கு ரொம்ப நாளாகும். தொங்கும்போது பலம் வராது, அங்கிள். சும்மா இருக்கும்போதுதான் வரும்."

அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அங்கிள் என்று வேண்டுமென்றேதான் சொன்னாள்.

"நீங்க புக் படிச்சு ஏறுங்க. நான் கையால ஏறிக்கிறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் ஏறும்போது விழுந்தால் தாங்கக் கீழே கயிறு பிடித்தவள் அவள்தான். அவர் மோதிர விரல் வீங்கியிருந்தது.

"இன்னிக்கு ஏறாதீங்க."

அவர் டேப் சுற்றிக்கொண்டு ஏறினார். பாதி உயரத்தில் கால் வழுக்கியது. உடம்பின் பாரம் முழுக்க இரண்டு விரலில் இறங்கியது. சுள்ளி முறிவதுபோன்ற சத்தம் கீழே நின்ற அவளுக்கே கேட்டது. கயிற்றில் தொங்கியபடி, "கயிறு லூசா இருந்துச்சு," என்றார்.

டெண்டனை எலும்போடு அணைத்துப் பிடிக்கும் வளையம் அறுந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அவரோ கிள்ளானில் யாரிடமோ போய் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டார். விரல் மடங்காமல் போனபிறகு அவளுடைய கிளினிக்கில் வந்து உட்கார்ந்தார்.

"ஊசி போட்டுச் சரிபண்ண முடியாதா?"

"முடியாது. சர்ஜனைப் பாருங்க. சில மாசம் ஏறவே கூடாது."

"என் மசில்லாம் போயிடுமே."

"அது திரும்ப வரும். விரலு வருமான்னு எனக்குத் தெரியாது."

மாதம் முடிவதற்குள் பத்துமலையில் வந்து நின்றார். கட்டுப் போட்ட கையால் கயிற்றை அவளிடம் நீட்டினார்.

"நான் பிடிக்கமாட்டேன். வேற ஆளப் பாருங்க."

கூட்டத்தில் வேறு யாரும் அவருக்குக் கயிறு பிடிக்க முன்வரவில்லை. இராமலிங்கம் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பாறையில் ஈரம் என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார். பாறை காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. குணபூசணி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மறுநுனியைக் கூட்டத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஏறத் தொடங்கினாள்.