ஏழு போல்ட்டுகள்

பழைய டிராக்டரின் வாட்டர் பம்பைக் கழற்றியபோது, ஏழு போல்ட்டுகளையும் இடம் மாறாமல் ஓர் அட்டையில் குத்தி வைத்திருந்தாள் அவள். ஒவ்வொன்றும் ஒரு நீளம். கடைக்குப் போய்ப் புதுப் பம்போடு திரும்பினால் அட்டை காலி. போல்ட்டுகள் மண்ணெண்ணெயில் குளித்துவிட்டுக் கிண்ணத்தில் பளபளத்தன.

"எல்லாத்தையும் கழுவி வச்சிட்டேன்மா," என்றார் அப்பா பெருமையாக.

"யாருப்பா கழுவச் சொன்னா? எது எங்க இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பட்டம் வாங்கின பிள்ளைக்கு இது ஒரு விஷயமா?"

அவள் வாங்கியது வரலாற்றுப் பட்டம்.

நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் முறுக்கினால் எஞ்சினே விரிசல் விடும். இன்று உழாவிட்டால் வயலில் ஈரம் காய்ந்துவிடும். பம்பைப் பொருத்திப் பிடித்து, துளைகளில் கம்பி விட்டு ஆழம் பார்த்தாள். ஐந்து பொருந்தின. மிச்ச இரண்டு துளையும் ஒரே ஆழம்; போல்ட்டுகளோ ஒன்று நீளம், ஒன்று குட்டை. மூன்று முறை அளந்தும் அப்படியேதான்.

"கழுவும்போது எதையாவது பாத்தியாப்பா?" என்று எரிச்சலோடு கேட்டாள்.

"இந்த நீளமானது நுனியில துரு சேறு மாதிரி அப்பியிருந்துச்சு. நகத்தாலதான் சுரண்டினேன்."

அவள் இரண்டு துளையையும் குடைந்தாள். ஒன்றிலிருந்து துருச் சேறு வந்தது. அதில் கம்பி இன்னும் உள்ளே இறங்கியது; நீள போல்ட்டின் இடம் அதுதான்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட? திட்டிக்கிட்டுல்ல இருந்த!"

எஞ்சின் ஓடியது, ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அப்பா உழக் கிளம்பினார். அவர் கழுவாமல் இருந்திருந்தால், துரு அடைத்த அந்தத் துளையிலேயே நீள போல்ட்டை முறுக்கியிருப்பாள். அவர் கழுவியதால் கெட்டதா, கழுவியதால்தான் பிழைத்ததா என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.