வெலினின் ஆறு நிமிடங்கள்

எங்கள் ஊர் கோர்னா லிபாவில் என்னைத் திட்டாத ஆள் இப்போது ஒருவரும் இல்லை. ரொட்டிக் கடைக்காரி கூட ரொட்டியை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். முப்பத்தோரு வருடமாக இந்த ஊர் கால்பந்து கிளப்பின் சட்டைகளைத் துவைத்தவன், பஸ் ஓட்டியவன், கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டவன், ஆட்டக்காரர்களின் காகிதங்களை நிரப்பியவன் எல்லாம் இந்தப் பென்கோ ஒருவன்தான். காகிதத்தில் தப்பு நடந்தால் வேறு யாரைத் திட்டுவார்கள்?

ஆனால் வெலினை யாராவது திட்டினால் எனக்குப் பொறுக்காது.

வெலின் பதினேழு வயதில் ஊரை விட்டுப் போனவன். முன்னால் நின்று கோல் அடிப்பது மட்டுமே அவனுக்குத் தெரிந்த வேலை. சோபியாவில் தொடங்கி ருமேனியா, கிரீஸ், சைப்ரஸ், உக்ரைன், வியட்நாம், மறுபடி சைப்ரஸ் என்று இருபது வருடத்தில் பதினாறு கிளப். போன இடத்தில் எல்லாம் கோல் போட்டான். போன இடத்தில் எல்லாம் ஒன்றிரண்டு வருடத்துக்குள் பெட்டியைக் கட்டினான். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அவன் அம்மா செம்புக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் ஊற்றுவாள். போகிற காரியம் தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓட வேண்டும் என்று எங்கள் வழக்கம் அது. "எங்க வாசல்ல தண்ணி ஊத்தி ஊத்தியே புல்லு மொளைச்சிருச்சுண்ணே, ஆடு மேய்க்கலாம்" என்பான்.

போன ஜனவரியில் மால்டாவிலிருந்து வந்தவன் நேராக என் துணிக்கிடங்குக்கு வந்தான். முப்பத்தேழு வயது, முன்மண்டையில் முடி இல்லை.

"பென்கோண்ணே, நீலச் சட்டை ஒண்ணு எடுங்க. இனிமே எங்கயும் போறதா இல்ல."

"உன் சைசுக்கு இல்லடா. வயித்தைப் பாரு."

"அது மால்டா வயிறுண்ணே. ஒரு மாசத்துல கரைஞ்சிரும்."

கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிளம் பழச் சாராயம் ராக்கியாவை எடுத்து இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டு, பதிவுப் படிவத்தை விரித்தேன். ஒரு சீசனில் ஒருவன் மூன்று கிளப்பில் பெயர் பதியலாம். ஆனால் இரண்டு கிளப்புக்குத்தான் மைதானத்தில் இறங்கலாம். அதனால் கேட்டேன்.

"இந்த சீசன்ல எங்கெங்க இருந்த?"

"மால்டா. அதுக்கு முன்னாடி ஆகஸ்ட்ல அசர்பைஜான்ல ஒரு பத்து நாள். பேரு பதிஞ்சாங்க, அப்புறம் கோச்சைத் தொரத்திட்டாங்க, என்னையும் சேர்த்துத் தொரத்திட்டாங்க."

"மேட்ச்ல எறங்கினியா?"

கூரையைப் பார்த்து யோசித்தான். நன்றாகவே யோசித்தான், அதை நான் பார்த்தேன்.

"இல்லண்ணே. வெறும் பயிற்சிதான். மாதுளம்பழம் நல்லா இருந்துச்சு."

'ஆடவில்லை' என்று எழுதினேன். இணையத்தில் தட்டிப் பார்த்திருக்கலாமே என்று இன்றைக்கு ஊரே கேட்கிறது. பார்த்திருக்கலாம்தான். ஆனால் நம்ம ஊர்ப் பிள்ளை எதிரே உட்கார்ந்து என் ராக்கியாவைக் குடித்துக்கொண்டு சொல்கிறான், நான் அவன் முகத்துக்கு நேரே கம்ப்யூட்டரைத் திறந்து சரிபார்ப்பதா? எங்கள் ஊரில் எவன் அப்படிச் செய்வான்?

பிப்ரவரியில் பயிற்சியின்போது அவன் முழங்கால் போய்விட்டது. வசந்தம் முழுக்கக் காலில் ஐஸ் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். பல்கேரியாவின் மூன்றாம் லீகிலேயே கடைசி வரிசைக்கு வந்துவிட்டோம். இன்னும் ஒரு படி இறங்கினால் கிளப்பை மூடிவிட்டு மைதானத்தில் சோலார் தகடு பதிக்கப் போவதாக மேயர் சொல்லிவிட்டார். சும்மா மிரட்டல் இல்லை, அளவெடுக்க ஆட்களே வந்து போனார்கள்.

கடைசி ஆட்டம் பக்கத்து ஊர் டோல்னி ப்ரோதுடன். எங்களுக்கு டிரா போதும். அவர்கள் ஜெயித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் இறங்குவது அவர்கள்.

அவர்கள் கிளப்பில் என் வேலையைப் பார்ப்பவள் ஸ்டான்கா. என் மனைவியின் கூடப் பிறந்த தங்கை. ஆட்டத்தன்று காலை எங்கள் வீட்டில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீட்சா சாப்பிட்டுவிட்டுத்தான் மைதானத்துக்கு வந்தாள். கோட்டோரம் என் பக்கத்தில் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதி ஆட்டத்துக்குள் அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள்.

"என்ன அத்தான், மூஞ்சி இப்படித் தொங்குது? சோலார் வந்தா கரண்டாவது சும்மா கெடைக்கும்ல?"

"வாயை மூடிட்டு வெதையைத் தின்னுடி."

அறுபத்திரண்டாவது நிமிடம் வெலின் எழுந்தான். முழங்காலில் பட்டை சுற்றியிருந்தது. ஊரே எழுந்து நின்று அவன் பெயரைக் கத்தியது. நான் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவன் காலுக்கு முன்னால் கோட்டின் மேல் ஊற்றினேன். அவன் அம்மா இருந்திருந்தால் செய்திருப்பாள் அல்லவா? சிரித்துக்கொண்டே அந்தத் தண்ணீரைத் தாண்டி உள்ளே ஓடினான்.

ஸ்டான்கா விதைத் தொலியைத் துப்பினாள். கைபேசியை எடுத்து என் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

"இதைப் பாருங்க அத்தான்."

பழைய ஆட்டக் குறிப்பு ஒன்று. அசர்பைஜானில் ஏதோ ஒரு ஊர், ஆகஸ்ட் பதினெட்டு. எண்பத்து நான்காவது நிமிடத்தில் இறங்கியவர் என்று போட்டு, வெலின் பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. ஆறு நிமிடம் ஆடியிருக்கிறான். அது ஒன்று, மால்டா இரண்டு, இப்போது நாங்கள் மூன்று.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"மார்ச்லேர்ந்து."

"அடிப்பாவி, காலைல என் வீட்டுல உக்காந்து தின்னியே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க சொன்னீங்களா? மூணு வருஷம் முன்னாடி எங்க டீம் பையன் ஒருத்தன், மஞ்சள் அட்டைக் கணக்குல தடை இருக்கறது தெரியாம எறங்கினான். நீங்க அவன் உள்ள போற வரைக்கும் வாயைத் தொறக்கல. ஜெயிச்ச மேட்சைப் புடுங்கிட்டுப் போனீங்க. அன்னைக்கும் எங்க வீட்டுலதான் சாப்பிட்டீங்க."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

"ஸ்டான்கா, காலைப் புடிச்சுக் கேக்கறேன். கிளப்பையே மூடிருவாங்கடி."

"எறங்குனா எங்களுது மட்டும் மூடாதா? புகார் மனுல எங்க கிளப் தலைவர் நேத்தே கையெழுத்துப் போட்டுட்டார் அத்தான். என் பையில இருக்கு. மேட்ச் முடிஞ்சதும் நடுவர்கிட்ட குடுக்கணும், அவ்வளவுதான். நான் குடுக்கலைன்னா வேற யாராவது குடுப்பாங்க."

அவனைத் திரும்பக் கூப்பிட்டாலும் பிரயோஜனம் இல்லை. கால் உள்ளே பட்டாயிற்று, சட்டப்படி அதோடு முடிந்தது. கோச்சிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உள்ளே ஓடுகிற பதினொரு பேரிடம் சொல்லித்தான் என்ன? இருபத்தைந்து நிமிடம் அந்த மழையில் மரம் மாதிரி நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கள் ஆள் கோல் போடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். தோற்றால் வெறும் தோல்வியோடு போய்விடும் இல்லையா? போட்டுவிட்டால் அதையும் அல்லவா பிடுங்குவார்கள்.

எண்பத்தெட்டாவது நிமிடம் போட்டான். இடது ஓரத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. நல்ல காலையும் கெட்ட காலையும் பார்க்காமல் எழும்பி, தலையைத் திருப்பி, தூர மூலையில் வைத்தான். கோல்கீப்பர் நகரவே இல்லை. மைதானமே அதிர்ந்தது. ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சேற்றில் உருண்டார்கள். மேயர் கூடக் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதித்தார்.

"அழகான கோல் அத்தான்," என்றாள் ஸ்டான்கா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அழுதுகொண்டே பையைத் திறந்து காகிதத்தை எடுத்தாள், பாவி.

ஒன்றுக்கு ஒன்று. நடுவர் விசில் ஊதினார். ஸ்டான்கா அவர் அறைப் பக்கம் போனாள், ஒருவரும் கவனிக்கவில்லை. வெலினைத் தோளில் தூக்கிக்கொண்டு சதுக்கம் வரை போனார்கள். மேளம் வந்தது, சூர்னாக் குழல் வந்தது, கையைக் கோத்துக்கொண்டு மழையிலேயே ஹோரோ ஆடினார்கள். வெலின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தான். சேறு பூசிய முகத்தோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, எத்தனையோ ஊர்ல போட்டிருக்கேன். போட்டுட்டுத் திரும்பிப் பார்த்தா, கைதட்டுறவன் ஒருத்தனையும் எனக்குத் தெரியாது. இன்னைக்குத் திரும்பினேன், அத்தனை மூஞ்சியும் தெரிஞ்ச மூஞ்சி."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. "சட்டையைக் கழட்டிக் குடுடா, தொவைக்கணும்" என்று மட்டும் சொன்னேன். என்னைப் போல ஒரு கோழை உண்டா?

வியாழக்கிழமை கால்பந்துச் சங்கத்தின் கடிதம் வந்தது. ஆட்டம் ரத்து, டோல்னி ப்ரோதுக்கு மூன்றுக்குப் பூஜ்யம் என்று வெற்றி. எங்களுக்கு இறக்கம். கோல் கணக்கில் சேராது. முறையீடு செய்ய வழியுண்டா என்று சோபியாவில் ஒரு வக்கீலிடம் போனில் கேட்டேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார், "ஆடினாரா, ஆடலையா?" போனை வைத்துவிட்டேன். என் மனைவி அன்றிலிருந்து தங்கையிடமும் பேசுவதில்லை, என்னிடமும் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை பகலில் வெலின் கிடங்குக்கு வந்தான். ஜன்னலுக்கு வெளியே, பெனால்டி கட்டத்துக்கு நடுவில் இரண்டு பேர் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் துணி மூட்டைமேல் உட்கார்ந்தான். அவன் சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை. சேற்றோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்லணும்னு சொல்லலண்ணே."

"தெரியும்டா."

"அந்தக் கடுதாசியைப் படிங்க."

படித்தேன். ஆகஸ்ட் பதினெட்டு என்றதும் கண்ணை மூடிக்கொண்டான். எண்பத்து நான்காவது நிமிடம் என்றதும் நெற்றியைத் தேய்த்தான்.

"அந்தக் கிளப்பு பேரு?"

சொன்னேன். இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான்.

"என்ன கலர் சட்டைண்ணே?"

"அதெல்லாம் இதுல இல்லடா."

"மழை பெஞ்சுதா? இல்ல, அது உக்ரைன்... ஒரு மைதானத்துல கோல் கம்பத்துக்குப் பின்னாடி ரயில் போகும். அதுவா? இல்ல, அது ருமேனியா." விரலை மடக்கிக்கொண்டே போனவன் நிறுத்திவிட்டான். "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து போச்சுண்ணே. எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது."

வெளியே ஒருவன் கோல் கம்பத்தருகே முளைக்குச்சி அடிக்கத் தொடங்கினான். வெலின் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்.

"அந்த ஆறு நிமிஷம் நான் எப்படி ஆடினேன்னு ஏதாவது போட்டிருக்காண்ணே?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"போடலைடா," என்றேன்.