நில ஓட்டத்தில் நிற்கிறவர்கள்

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஏப்ரல் வந்தாலே நில ஓட்டம்தான். பிள்ளைகள் பழங்காலத் தொப்பியும் பாவாடையுமாக, சிவப்புக் கைவண்டியைப் பிடித்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நிற்பார்கள். விசில் ஊதியதும் ஓடிப்போய், பிடித்த கட்டத்தில் கொடிக்குச்சியை நட வேண்டும். நட்டவருக்கே நிலம். எங்கள் பாட்டன்மார் இப்படித்தான் குடியேறினார்களாம். அது யாருடைய நிலமாக இருந்தது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. இந்த வருடம் பாதிப் பிள்ளைகள், அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களாக, முன்பே கட்டங்களுக்குள் நிற்கட்டும் என்றேன்.

தலைமையாசிரியர் ஹேன்லி கதவைச் சாத்தினார். "உண்மையச் சொல்லுங்க, நான் வேணாங்கல. ஆனா ஒரு புள்ளகூட அழுதுட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா, அடுத்த வருஷம் உங்கள இங்க வச்சுக்க என்னால முடியாது."

அழ வைக்காமல் இந்த உண்மையை எப்படிச் சொல்வது? எனக்குப் பிடிபடவில்லை.

வகுப்பில் ரீனா வாகோலி என்று ஒரு பூர்வகுடிச் சிறுமி இருந்தாள். அவள் இனத்தாரின் நிலம்தான் அது. அவளைக் கட்டத்துக்குள் நிறுத்துவதுதான் நியாயம் என்று நினைத்தேன். அவளோ முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"நான் மட்டும் ஏன் மிஸ் சும்மா நிக்கணும்? எங்கப்பா வண்டிக்குப் பெயின்ட்லாம் அடிச்சிருக்காரு. நான் ஓடணும்."

அவள் அம்மாவிடம் கேட்டேன். "அவ ஓடணும்னா ஓடட்டுமே. இதுக்குப் போயி ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்று சிரித்தாள்.

வேறு வழியில்லாமல் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். ரீனாவுக்கு ஓடுகிற பக்கம் வந்தது. பெரிய பண்ணை வீட்டுப் பையன் டக்கருக்கு நிற்கிற பக்கம்.

விசில் ஊதினேன். ரீனா பறந்தாள். எல்லாரும் கண் வைத்திருந்த ஊஞ்சல் பக்கத்துக் கட்டத்தில், டக்கரின் காலடியிலேயே குச்சியை நட்டாள். வேலிக்கு வெளியே அவள் அம்மா கை தட்டினாள்.

"இது என்னோடது. நீ போ."

டக்கர் சுற்றிலும் பார்த்தான். "நான் எங்க போறது மிஸ்?"

வேலி வரைக்கும் கட்டம் போட்டிருந்தேன். நிற்கிறவர்கள் போக ஓர் இடம் வேண்டுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் உதடு துடித்தது. அழுதுவிட்டான். நான் பயந்ததெல்லாம் ரீனாவை நினைத்து. இவனை நினைக்கவே இல்லை.

ஹேன்லி என் காதருகே வந்தார். "சும்மா வெளாட்டுன்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது."

சொன்னால் அழுகை நின்றுவிடும், வேலையும் தங்கிவிடும். சொல் நாக்கு நுனி வரை வந்தது. டக்கரின் முன்னால் மண்டியிட்டேன்.

"எங்க போறதுன்னு அன்னைக்கு இந்த நிலத்துல இருந்தவங்களுக்கும் தெரியலடா."

அவன் இன்னும் சத்தமாக அழுதான். ஹேன்லி தன் அறைக்குத் திரும்பினார்.  செய்தது சரியா தப்பா என்றுகூடத் தெரியவில்லை.

ரீனா குச்சியைப் பிடித்தபடியே டக்கரைப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இத நான் வச்சுக்கலாமா?"

அவள் அம்மா கை தட்டுவதை நிறுத்தியிருந்தாள். டக்கரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.