மடை திறக்கும் சத்தம்

பகல் பதினொரு மணிக்கு டெல்பின் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்த்துவிட்டு வருகிற நர்சுக்குத் தருமபுரத்துத் தெருவில் லேசில் தூக்கம் வராது. ஹாரன், மிக்சி, மீன்காரர் குரல் என்று பகலெல்லாம் ஒரே ரகளை. அவளுக்காகத்தான் கணவன் செல்வின் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, தூங்கவைக்கும் மொபைல் ஆப் ஒன்றைச் செய்தான். பக்கத்துக் கிராமம் நெடுங்காட்டில் பதிவுசெய்தது: மடை திறந்து தண்ணீர் வயலுக்குள் இறங்கும் சத்தம், தூரத்தில் தவளைகள். தலைமாட்டில் போனில் ஓடவிட்டால் கட்டில் மெல்ல நகர்ந்து வயலுக்குள் போய்விடும். ஜன்னல் திரை நாற்றாக அசையும். செல்வினுக்கே பாதம் சில்லிடும்.

ஊருக்கு அந்தச் சில்லிப்பு உறைக்கவில்லை. எழுபது ரூபாய் விலை வைத்தான். வாங்கியது பாரிஸில் இருக்கும் டெல்பினின் அண்ணன் ரொனால்ட் மட்டும்தான். முப்பதாகக் குறைத்ததும் அவரும், "நான் வாங்கினப்புறம் குறைக்கிறீங்களே மாப்ள" என்று கோபித்துக்கொண்டார். வெறுத்துப்போய் இலவசமாக்கினான். ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். ஒருமுறை இலவசமாகக் கொடுத்ததற்கு மறுபடி விலை வைக்க ஆப் விற்கிற ஸ்டோர் விடாது என்பது அப்புறம்தான் அந்தப் புத்திசாலிக்குத் தெரிந்தது. இந்த மாதமும் வருமானம் இல்லையென்றால் சென்னை கம்பெனிக்கே திரும்ப வேண்டும். அவளைத் தனியே விட்டுப் போக அவனால் முடியாது. நேற்று அரை மனதாக ஆப்பில் விளம்பரம் சேர்த்தான்.

இப்போது தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. ஒரு பெண் குரல் அலறியது. "சீக்கிரம்! இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு!"

நகைக்கடைத் தள்ளுபடி. டெல்பின் எழுந்து உட்கார்ந்தாள். கண் திறக்கவேயில்லை. கால் செருப்பைத் தேடியது.

"இதோ வந்துட்டேம்மா. எந்த பெட்டு?"

செல்வின் அவள் தோளைப் பிடித்தான். "ஒண்ணுமில்ல டெல்பின், நம்ம வீடுதான்."

"யாரோ கூப்டாங்களே."

"விளம்பரம். நாந்தான் போட்டேன்."

அவள் கண்ணைத் திறந்து போனைப் பார்த்தாள். "அது இருந்தா நீங்க ஊரோட இருந்துரலாமா?"

"இருக்கலாம்."

"அப்ப இருக்கட்டுங்க. பழகிக்கிறேன்."

படுத்துக்கொண்டாள். தண்ணீர் மறுபடி இறங்கியது. ஆனால் மூடிய இமைகள் துடித்துக்கொண்டே இருந்தன, விரல்கள் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தன. அடுத்த குரலுக்கு அவள் காத்திருந்தாள்.

செல்வின் போனை அணைத்தான். குளியலறையிலிருந்து வாளித் தண்ணீரும் சொம்பும் கொண்டுவந்து கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான். மொண்டு, வாளிக்குள்ளேயே நூல் போல ஊற்றினான். மறுபடி மொண்டான். வெகுநேரம் கழித்து அவள் விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. அவன் கை கடுக்க ஆரம்பித்திருந்தது. நிறுத்தப் பயமாக இருந்தது.