காப்பு கட்டிய ஊரில் கணக்கெடுப்பு

1

இந்தக் கதை அரூர் பஸ் ஸ்டாண்டில் ஒட்டுக் கேட்டது. சேலம் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் ஒரு பெண் போனில் கத்திக்கொண்டிருந்தாள். "சார், அந்த ஊர்ல யாருமே பொழைக்க வெளியூர் போறதில்லைன்னு நான் அனுப்பினது தப்புங்க சார். பொய் இல்லைங்க, தப்பு!" பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள், நான் ஏற மறந்துவிட்டேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

அவளுக்குக் கலைமதி என்று பெயர் வைத்தேன். சொந்த ஊர் கீழே சமவெளியில் இண்டூர். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பதிலை டேப்லெட்டில் ஏற்றுவது வேலை. அவள் அனுப்புவதைப் பார்த்துத்தான் அரசாங்கம் எந்த ஊருக்கு எதைக் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கும்.

2

முதல் வரிக்கு ரொம்ப நேரம் முட்டிக்கொண்டேன்.

"புலம்பெயர்வு குறித்த தரவுகள் பொதுக் கொள்கையை வடிவமைப்பதில்..." [அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

"சித்தேரி மலையை வெண்பனி மெல்லத் தழுவ..." [இதுவும் போகட்டும். கதை நடப்பது சித்திரை வெயிலில்.]

"கலைமதி மலையேறியபோது மேளம் கேட்டது." சரி, இது இருக்கட்டும்.

3

கலைமதி மலையேறியபோது மேளம் கேட்டது. சித்தேரி மலைமேல் ஒரு சின்ன ஊர். அன்று அங்கே மாரியம்மனுக்குக் காப்பு கட்டியிருந்தார்கள். காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. பெங்களூரில் கட்டட வேலை, கேரளாவில் மிளகுத் தோட்டம் என்று சிதறிக் கிடந்த சனமெல்லாம் வந்து குவிந்திருந்தது. மற்ற நாளில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும் என்பது பாவம், சமவெளிக்காரிக்கு எப்படித் தெரியும்?

"உங்க வூட்ல யாராச்சும் வெளியூர்ல தங்கறாங்களாக்கா?"

முதல் வீட்டுக் கோகிலா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "காப்பு கட்டியாச்சுங்க மேடம். யாரும் தங்க மாட்டாங்க. அப்படிப் பேசறதே ஆகாதுங்க."

கலைமதி 'இல்லை' என்று தட்டினாள். பூசாரி மாதேஸும் அதையே சொன்னார். அடுத்த வீட்டிலும் அதேதான். ஒவ்வொரு வீட்டிலும் பாயசம் வேறு.*

* சாமைப் பாயசம். இந்த அடிக்குறிப்பால் கதைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எழுதும்போது நாக்கில் எச்சில் ஊறியது, அவ்வளவுதான்.

4

சென்னையில் கணக்கு கூட்டினார்கள். வெளியூர் போகிறவர்கள்: பூஜ்யம். பிழைக்கப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் உள்ளூரிலேயே தங்கிப் படிக்க ஒரு விடுதி வருவதாக இருந்தது. யாரும் போகாத ஊருக்கு அது எதற்கு? விடுதியை ரத்து செய்துவிட்டு, முன்மாதிரி ஊர் என்று ஒரு கேடயத்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள்.

கோகிலா போன் போட்டாள். "மேடம், விடுதி இல்லையாமே? பிரியாவ நான் யாருகிட்ட வுட்டுட்டுப் போவேன்? படிப்ப நிறுத்திட்டு பெங்களூர் சைட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவணும்." தேவிப்பிரியா அவள் மகள், ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். காப்புக்கு வந்த கூட்டத்தைக் கணக்கெடுத்திருக்கிறோம் என்று கலைமதிக்கு உறைத்தது. அப்போதுதான் அவள் பஸ் ஸ்டாண்டில் கத்தினாள்.

மறுமுனையில் இருந்தவர் திட்ட அதிகாரி மாதவராஜ். அவரை வில்லனாக்க எனக்குக் கொள்ளை ஆசை. முரட்டு மீசைகூட வைத்துப் பார்த்தேன். மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "நீ சொன்னா நான் நம்பறேம்மா. ஆனா கண்ணால பாத்தேன்னு நான் எழுதினாத்தான் மேல ஒத்துக்குவாங்க. கேடயம் கொடுக்க வர்றப்பப் பாத்துடறேன்." இவரை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் செய்வது? மீசையை எடுத்துவிட்டேன்.

கலைமதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வரிசையாகப் பூட்டு தொங்குவதை அவர் பார்த்தால் போதும்!

5

ஜீப் மலையேறியபோது மறுபடியும் மேளம் கேட்டது.

[இந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்து, வீட்டில் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள்.]

ஊரே எல்லையில் நின்றது. ஆரத்தி, மாலை, வெடி. ஒரு பூட்டுகூட இல்லை. கலைமதி கோகிலாவை ஓரமாக இழுத்தாள். "பூட்டின வூட்டைத்தான் அவரு பாக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா!"

"சொன்னீங்க. அதுக்குன்னு ஆபீசர் வர்ற நாள்ல வூட்டப் பூட்டிட்டுப் போனா எங்கள என்ன நெனைப்பாரு? பூசாரிதான் எல்லாருக்கும் போன் போட்டாரு. மேஸ்திரி வேன்லயே வந்துட்டோம்."

மாதவராஜ் கழுத்து நிறைய மாலையோடு கலைமதியைப் பார்த்தார். "எல்லாரும் இங்கதானேம்மா இருக்காங்க?"

6

முடிவு. கலைமதி மைக்கைப் பிடித்து ஊரே அழும்படி பேசுகிறாள்... [அடித்துவிட்டேன். அவளுக்கு மைக் என்றால் உதறும்.] மாதவராஜ் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு கோபமாக... [மீசையே இல்லாதவருக்குக் கோபம் எங்கிருந்து வரும்?]

பந்தி நடந்தது. சாம்பார் முடிந்து ரசம் வரும் நேரம், கீழே மேஸ்திரியின் வேன் ஹாரன் அடித்தது. பொழுதுசாய பெங்களூர் போய்ச் சேர வேண்டும். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். சாப்பிட்டவர்கள் கை கழுவினார்கள். "வரோமுங்க சார், நீங்க நிதானமாச் சாப்பிடுங்க" என்று கும்பிட்டு, பையைத் தூக்கி, கதவைச் சாத்தி, பூட்டினார்கள். வரிசையாக 'க்ளிக் க்ளிக்' என்று கேட்டது. ரசம் ஊற்ற மாதேஸ் ஒருவர்தான் மிச்சம்.

"ஏம்மா, நான் என்ன எழுதட்டும்?" என்றார் மாதவராஜ். "வந்தப்ப ஊரே இருந்துச்சு. ரசம் வர்றதுக்குள்ள ஒருத்தரும் இல்ல. ஃபாரத்துல ஒரே ஒரு கட்டந்தானே இருக்கு?"

கலைமதி வாயைத் திறந்தாள். அவளை என்ன பேச வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன். மாதவராஜ் எழுத வேண்டியதை நீங்களே எழுதுங்கள், சரியாக எழுதினால் விடுதி திரும்ப வரும், உடனே வேனை நிறுத்தச் சொல்ல அவள் போனோடு தயாராக நிற்கிறாள். ஆனால் சீக்கிரம். வேன் முதல் கொண்டைஊசி வளைவுக்கு வந்துவிட்டது, சன்னலோரம் தேவிப்பிரியா இருக்கிறாள், அதற்குக் கீழே போனில் சிக்னல் கிடைக்காது.