தெரியல டீச்சர்

...தெரிந்துவைத்துக்கொண்டே தெரியாது என்கிறாள், இதற்கு என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தெரியாத பிள்ளைக்குப் பாட்டு இருக்கிறது, படஅட்டை இருக்கிறது, விரல் பொம்மைகூட இருக்கிறது, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளையாக நடித்தால்?... தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள், அந்த நடிப்புக்காரிக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை, எனக்குத் தலை விண்விண் என்று தெறிக்கிறது, கையில் செல்போன், அதில் மதிப்பீடு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கவைத்துப் பதிய வேண்டும், எழுத்துக்கே திணறினால் அரும்பு, சொல் வாசித்தால் மொட்டு, சரளமாக வாசித்தால் மலர், வகுப்பே அப்படி மூன்று கூட்டமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. பூவின் பெயரை வைத்துவிட்டால் யார் கெட்டி யார் மக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாதாம், யார் நினைத்தார்களோ, முதல் வாரமே தெரிந்துகொண்டார்கள். இம்மானுவேல் மூச்சுவாங்க வாசித்து முடித்துவிட்டான். அடுத்தது அஸ்வினி. கழுத்துக் கயிற்றில் வீட்டுச் சாவி ஆட எழுந்து வருகிறாள். இன்றைக்கும் தெரியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமையே தலைமையாசிரியை ராக்கம்மாள் டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், கெட்ட மனுஷி இல்லை, அந்தப் பிள்ளைமேல் அக்கறைதான், "ரோகிணி, மத்த அரும்புகளாச்சும் நாலு எழுத்து தேறிருச்சு, அது மட்டும் அப்படியே கெடக்கு. இந்த வெள்ளிக்கிழமையும் தேறலன்னா செறப்புப் பயிற்சிப் பள்ளிக்கு எழுதி அனுப்பிருவோம், அங்கன தனியாக் கவனிப்பாக." தேவைப்படும் பிள்ளைக்கு அது நல்ல இடம்தான், நானே அனுப்பியிருக்கிறேன், ஆனால் இவளுக்கு அது தேவைதானா... கண்ணைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே. சாயங்காலம் அவள் அம்மா பாண்டிமீனா வந்தாள், பல்கலைக்கழக விடுதியில் சமையல் வேலை, விடியுமுன்னே கிளம்பிவிடுவாள், வீட்டில் வேறு ஆள் இல்லை, முந்தானையில் கையைத் துடைத்தபடியே நின்று, "அவளா மக்கு? தன்னால எந்திரிச்சு, குளிச்சு, தலையச் சீவி, கதவப் பூட்டிட்டு வாரா டீச்சர். எல்லாத்தையும் அவளே பாத்துக்குவா, அம்புட்டுச் சமத்து" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். பெருமையும் அழுகையும் ஒன்றாக வந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவளே பாத்துக்குவா... இந்த வார்த்தையை வேறெங்கோ நிறையக் கேட்டிருக்கிறேனே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன், காளவாசலில் பஸ் மாறியும் யோசித்தேன், பசுமலையில் இறங்கும்போது செல்போன் அடித்தது, என் வீட்டுக்காரர், ஓசூரிலிருந்து, அவர் அப்பா, என் மாமாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணுமாம், மோட்டார் தண்ணி ஏத்தலையாம், "நீ பாத்துக்குவ, நீ இருக்கையில எனக்கென்ன கவலை." அட, இவர்தான்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லி என்ன, மாத்திரை போட்டால் போகிறது. அரும்புக் கூட்டத்தோடு பாயில் உட்கார்ந்தேன், எப்போதும் அவர்களோடுதான் உட்காருவேன், மொட்டுக்காரர்களுக்குப் பயிற்சித்தாள் கொடுத்துவிட்டு, மலர்க்காரர்களுக்குக் கதைப் புத்தகத்தைக் கொடுத்து "நீங்களே படிங்கடா, சத்தம் வரக் கூடாது" என்றால் தீர்ந்தது, அரும்புகளுக்குத்தான் ஒவ்வொரு கையாகப் பிடித்து மணலில் எழுத்து வரைய வேண்டும். அஸ்வினியின் கையைப் பிடித்தேன். சின்னக் கை, விறைப்பே இல்லாமல் அப்படியே என்னிடம் ஒப்படைத்துவிடுகிற கை. 'ட' போடும்போது நிமிர்ந்து பார்த்தாள், "டீச்சர், ஒங்க கை சுடுது." ஒன்றுமில்லை என்றேன். "காச்சலா? மாத்தர போட்டீகளா?" என்று பெரிய மனுஷிபோலக் கேட்டாள். அன்று ராத்திரிவரை வேறு ஒரு ஆள்கூட அதைக் கேட்கவில்லை, மாமா சொட்டு மருந்துக்கு முகத்தை நீட்டினார், வீட்டுக்காரர் மோட்டாரைப் பற்றிக் கேட்டார், நானும் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். வருத்தமாக இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

புதன்கிழமைதான் மாட்டினாள் கள்ளி. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா வரும்வரை பஸ் நிறுத்தத்தில்தான் உட்கார்ந்திருப்பாள், நான் பின்னால் வந்து நிற்பதைக் கவனிக்கவில்லை, கீரைக் கூடையோடு நின்ற ஒரு பெண் தூரத்தில் வந்த பஸ்ஸைப் பார்த்து "பெரியாரு பஸ்டாண்டு போகுமா தாயி?" என்று கேட்க, இவள் எட்டிப் பார்த்து, "இல்லத்தே, ஆரப்பாளையம்னு போட்டுருக்கு. பெரியாரு பின்னால வருது" என்றாள். 'பட்டம்' வாசிக்கத் தெரியாதாம், ஆரப்பாளையம் வாசிப்பாளாம்! எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது, ஒருவேளை தினமும் பார்த்துப் பார்த்து அடையாளம் வைத்திருக்கிறாளோ என்று சந்தேகமும் வந்தது. அதனால் வியாழக்கிழமை ஒரு வேலை செய்தேன், அரும்புகளுக்கு எதிரே சுவரில் இருக்கிற குட்டைக் கரும்பலகையில், "என் மேசையில் மிட்டாய் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டு, வாய் திறக்காமல் வெளியே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். அஸ்வினி பலகையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். பிறகு குனிந்து இம்மானுவேல் காதில் ஏதோ சொன்னாள், அவன் ஒரே ஓட்டமாக ஓடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான், இவள் எழுந்திருக்கவே இல்லை. ஏழு வயதுப் பிள்ளை மிட்டாயை வேண்டாம் என்று விடுவதென்றால் அதைவிடப் பெரிதாக எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறாள், எதை... எதை?

இப்போது முன்னால் நிற்கிறாள். செல்போனைத் திருப்பிக் காட்டுகிறேன், படி பாப்பா. அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள், "தெரியல டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுகிறாள், நான் பிடித்துக்கொள்ள. பழக்கம். நானும் பிடித்துக்கொள்கிறேன், பழக்கம்தான், பிடித்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது. மெதுவாகக் கேட்கிறேன், "நேத்து முட்டாயி ஏன் எடுக்கல?" சாவியை வாயில் வைத்துக் கடிக்கிறாள். "அஸ்வினி, டீச்சர் திட்ட மாட்டேன்." சாவியை எடுத்துவிட்டு, வேறு யாருக்கும் கேட்காமல், "மொட்டுக்குப் போனா நீங்க அங்கன வந்து உக்கார மாட்டீகள்ல" என்கிறாள். உண்மைதானே, தெரிந்தவர்களைத் தனியாகத்தானே விட்டுவிடுகிறேன், நீங்களே படிங்கடா என்று. வீட்டிலும் தனியாக எழுந்து தனியாகப் பூட்டி வருகிற பிள்ளை, கையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமென்று தெரிந்ததையெல்லாம் மறைத்துவைத்திருக்கிறாள்... அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், இவளுக்கு அழத் தெரியவில்லை, அதனால் தெரியல என்கிறாள். "வருவேன். நீ எங்க இருந்தாலும் வந்து ஒக்காருவேன்." "நெசமா?" "நெசமா." ஒரு நிமிடம் என் முகத்தையே பார்க்கிறாள், பிறகு வாசிக்கிறாள், முதல் வரி, அடுத்த வரி, பத்தி முழுவதும், நிறுத்தாமல், தப்பு செய்கிறவள்போலத் தாழ்ந்த குரலில். மொட்டுகூட இல்லை, மலர். பாயிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கடைசி ஜன்னலோரத்து மலர்க் கூட்டத்துக்குப் போகிறாள், போய் உட்கார்ந்ததும் திரும்பிப் பார்க்கிறாள். சரியானதைத்தான் செய்தேன். ஆனால் அரும்பில் இன்னும் எட்டுக் கைகள் இருக்கின்றன, எனக்கு இருப்பது இரண்டுதான், திங்கட்கிழமை எப்படிப் போய் உட்காரப்போகிறேன்?

ராக்கம்மாள் டீச்சர் "பாத்தியா, ஒன் கைராசி" என்று முதுகில் தட்டினார், நான் சிரித்துவைத்தேன், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன், காய்ச்சல் ஏறியிருந்தது, அஸ்வினி தள்ளி உட்கார்ந்து சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். செல்போன் அடித்தது, வீட்டுக்காரர், சனி ஞாயிறுக்கு ஊருக்கு வருகிறார். "ரோகிணி, அப்பாவுக்கு ஏதோ சொட்டு மருந்து தீந்துருச்சாம்ல, எதுன்னு சொல்லு, இங்கனயே வாங்கிட்டு வாரேன்." எனக்குத் தெரியும், பச்சை மூடி போட்டது, காலையும் ராத்திரியும், பெயர்கூட நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "தெரியலைங்க" என்றேன். கல்யாணமாகி இந்த வார்த்தையை அவரிடம் சொன்னதே இல்லை. "என்னது, ஒனக்குத் தெரியலையா?" என்றார். பெரியார் பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. அவர் அடுத்ததாக என்ன கேட்கப்போகிறார், எனக்கு என்ன என்றாவது கேட்பாரா என்று, சும்மா இருந்த கையை என்னையறியாமல் நீட்டிக்கொண்டு நின்றேன், அஸ்வினி பார்த்துக்கொண்டிருந்தாள்.